பிள்ளை பிடிக்கிறவன் யார்?



போன ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு நம்ம ஊர் ஆத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு உங்களுக்கே தெரியும். துறையூர், திருச்சி, நாமக்கல் பக்கமிருந்து வேனும் பைக்குமாக வந்து ரோடே அடைஞ்சு போகும். அம்மா வேன் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்தில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு விற்க உட்கார்ந்திருந்தாங்க. "தம்பியைக் கையை விடாம கூட்டிட்டுப் போ" என்று சொல்லித்தான் என்னை ஆத்துக்கு அனுப்பினாங்க. தம்பிக்கு ஆறு வயசு. நான் தோழிகளோடு பாறையில் உட்கார்ந்து தண்ணியில் காலை விட்டுக்கிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா தம்பியைக் காணோம்.

தண்ணிக்குள் பார்த்தோம், புதருக்குள் பார்த்தோம். எனக்கு அழுகை வரவில்லை, வாய்தான் காய்ந்து போச்சு. அரை மணி நேரம் கழித்து மேட்டில் ஒருத்தர் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு வேன் பக்கமாக நடக்கிறதைப் பார்த்தேன். பேன்ட் சட்டை போட்ட, முன்னே பின்னே பார்க்காத ஆள். தம்பியின் இன்னொரு கையில் கடலை மிட்டாய். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவன்! பிடிங்க, பிடிங்க!" என்று கத்திவிட்டேன்.

பத்து எண்ணுவதற்குள் இருபது பேர் சுற்றி நின்றார்கள். அவர் ஏதோ சொன்னார், யார் காதிலும் விழவில்லை. சட்டைப் பை கிழிந்தது. ஒருத்தர் கன்னத்தில் அறைந்துவிட்டார். நல்ல காலம், டீக்கடைத் தாத்தா ஓடி வந்து நடுவில் நின்று, "ஏம்மா, முதல்ல உன் தம்பியைக் கேட்டியா?" என்றார். கேட்டோம். தம்பி மிட்டாயைச் சப்பிக்கொண்டே சொன்னான்: "அம்மாட்ட கூட்டிட்டுப் போறேன்னாரு. வேனுக்கிட்ட கிழங்கு விக்கிறாங்கன்னு நான்தான் சொன்னேன்."

அந்த மனிதர் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு குளிக்க வந்தவர். அவருடைய சின்னப் பொண்ணு அவர் வேட்டியால் போர்த்திக்கொண்டு தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டய்யா எல்லாரையும் விலக்கிவிட்டு என்னைக் கேட்டார், "கடத்தல்னா என்னன்னு தெரியுமா பாப்பா உனக்கு?" தெரியாதுன்னேன். "தெரிஞ்சுக்கிட்டுக் கத்து."

அதனால்தான் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். சமூக அறிவியல் சார் தன் வீட்டிலிருந்து புதுச் சட்டப் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: படிப்பதைச் சுவர்ப் பத்திரிகையில் எழுத வேண்டும். முதல் நாள் ஒரு பக்கம்கூடப் புரியவில்லை. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது, நடுவில் மூச்சு விட இடமே இல்லை. சாரும் வகுப்பு டீச்சரும் விளக்கிச் சொன்னபிறகு புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் எல்லாத்துக்கும் "கடத்தல்" என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறோம். சந்தன மரமும் கடத்தல், ரேஷன் அரிசியும் கடத்தல், பிள்ளையும் கடத்தல். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆளைக் கொண்டுபோவதையே இரண்டாகப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று கிட்னாப்பிங், இன்னொன்று அப்டக்ஷன். சட்டத் தமிழில் முதலாவதை ஆள் கவர்தல் என்றும் இரண்டாவதை ஆள் கடத்தல் என்றும் எழுதுவதுண்டு. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், 1860ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம்தான் 2024 ஜூன் 30 வரை நடப்பில் இருந்தது. ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 137ஆம் பிரிவு ஆள் கவர்தலைப் பற்றியது. ஒருத்தரை அவர் சம்மதம் இல்லாமல் இந்திய எல்லைக்கு வெளியே கொண்டுபோவது ஒரு வகை. அது எந்த வயசுக்காரருக்கும் பொருந்தும். நமக்கு முக்கியமானது இன்னொரு வகை. பதினெட்டு வயசு ஆகாத ஒரு பிள்ளையை, அதன் சட்டபூர்வமான பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், அவர் பராமரிப்பிலிருந்து கூட்டிப் போவது, அல்லது ஆசை காட்டி இழுத்துப் போவது. தண்டனை 7 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு.

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். சாக்குப்பை இல்லை. கத்தி இல்லை. கையைக் காலைக் கட்டுவது இல்லை. மயக்க மருந்து இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டே போனாலும் ஆள் கவர்தல் ஆள் கவர்தல்தான். "நான் கூப்பிட்டேன், அதுவாத்தான் வந்துச்சு" என்று சொல்லி ஒருத்தர் தப்ப முடியாது. ஏனென்றால் சட்டம் கேட்பது பிள்ளையின் சம்மதத்தை இல்லை, பாதுகாவலர் சம்மதத்தை. எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பதினாலு வயசில் என் சம்மதத்துக்கு மதிப்பே கிடையாதா? டீச்சரிடம் கேட்டேன். "உன் சம்மதத்தை வாங்குறது எவ்வளவு சுலபம்னு உன்னைவிட ஏமாத்துறவனுக்கு நல்லாத் தெரியும்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பாதுகாவலர் என்றால் அம்மா அப்பா மட்டும் இல்லை. சட்டப்படி யாரிடம் பிள்ளை ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ அவரும்தான். அப்பா அம்மா வேலைக்குப் போய், அம்மாயி வீட்டில் வளர்கிற பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர்! அவர்களுக்கு அம்மாயி பாதுகாவலர். விடுதிப் பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளர். இன்னொன்று, அப்பா அம்மா சண்டையில் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டால் ஊரே "பிள்ளையைக் கடத்திட்டான்" என்கும். பெற்ற அப்பாவும் பாதுகாவலர்தான் என்பதால் பொதுவாக அது இந்தக் குற்றத்தில் வராது. கோர்ட்டு "பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டிருந்தால் கதை வேறு.

வயசு விஷயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 1860ல் எழுதியபோது ஆண் பிள்ளைக்கு 14, பெண் பிள்ளைக்கு 16 என்று வைத்தார்கள். 1949ல் அதை 16, 18 என்று உயர்த்தினார்கள். 2024 வரை அப்படித்தான். அதாவது பதினேழு வயசுப் பையனை ஒருத்தர் ஆசை காட்டிக் கூட்டிப் போனால் இந்தப் பிரிவு பொருந்தாது. பையன்கள் பதினாறிலேயே விவரமாகிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் யாரோ நம்பியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். இப்போது இருவருக்கும் 18.

அப்படியானால் அந்தத் திருச்சிக்காரர்? அவர் தம்பியை அம்மாவின் பராமரிப்பிலிருந்து வெளியே கொண்டுபோகவில்லை. வழி தவறிய பிள்ளையை அம்மாவிடமே கொண்டுபோனார். தம்பியைப் பராமரிப்பிலிருந்து நழுவவிட்டது யார் என்று கேட்டால், பதில் எனக்குப் பிடிக்காத பதில்.

"கூட்டிப் போவது" என்ற ஒரு வார்த்தைக்காக நம் மாநிலத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் வரதராஜன் வழக்கு என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். 1960ல் நடந்தது. சென்னையில் கல்லூரியில் படித்த ஒரு பெண். பதினெட்டு நிறையச் சில வாரங்களே பாக்கி. தான் விரும்பியவரைப் பற்றி வீட்டில் தெரிந்ததும், அப்பா அவரை கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அந்தப் பெண்ணே போன் செய்து, இன்ன தெருவுக்கு வா என்று கூப்பிட்டார். தானே காரில் ஏறினார். பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அப்புறம் ஊர் ஊராகப் போய், கடைசியில் தஞ்சாவூரில் போலீஸ் கண்டுபிடித்தது. கீழ்க் கோர்ட்டில் அந்த ஆளுக்குத் தண்டனை. 1964 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூட்டிப் போவது வேறு, தானாகக் கிளம்பி வந்தவரைக் கூட வரவிடுவது வேறு, வீட்டை விட்டு வரும்படி அவர் தூண்டியதாகச் சாட்சியம் இல்லை, அந்தப் பெண் கல்லூரியில் படித்த, தான் செய்வதன் அர்த்தம் தெரிந்தவர் என்று சொன்னது. (பெண்ணின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதவில்லை. அவங்க பெயரை ஊர் பேசினது போதும்.)

டீச்சர் இந்த இடத்தில் ஒரு குறிப்பு சேர்க்கச் சொன்னார். இந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் தப்புக் கணக்குப் போடக் கூடாது. அது பதினெட்டைத் தொட இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் வழக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அந்தத் தராசில் வைக்க மாட்டார்கள். அதோடு 2006ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் 2012ல் போக்சோ சட்டமும் வந்துவிட்டன. பதினெட்டு ஆகாத பெண்ணைக் கல்யாணம் என்று சொல்லிக் கூட்டிப் போகிறவர் ஆள் கவர்தலிலிருந்து தப்பினாலும் மற்றவற்றிலிருந்து தப்ப முடியாது. ஊர் கூடி நடத்திவைத்த கல்யாணமானாலும் அப்படித்தான். நம்ம மலைப் பக்கத்தில் பத்தாவது முடிக்காமல் தாலி கட்டிக்கொண்ட அக்காக்களை நமக்குத் தெரியும். அதைப் பற்றி இன்னொரு இதழில் யாராவது எழுதுங்கள்.

சரி, இரண்டாவது வகைக்கு வருகிறேன். ஆள் கடத்தல், பிரிவு 138. இதில் வயசுக் கணக்கு இல்லை. எந்த வயசு ஆளானாலும், பலவந்தம் செய்தோ ஏமாற்றியோ ஓர் இடத்திலிருந்து போகச் செய்தால் அது ஆள் கடத்தல். சீதையை இராவணன் கொண்டுபோனது இதுதான். சந்நியாசி வேஷம் போட்டு வந்தது ஏமாற்று, கம்பர் சொல்கிறபடி பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துத் தூக்கிப் போனது பலவந்தம். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. இந்த வகையில் ஒரு விசித்திரம். வெறும் ஆள் கடத்தலுக்கு மட்டும் தனியாகத் தண்டனை கிடையாது. எதற்காகக் கடத்தினார் என்பதைப் பொறுத்துத்தான் தண்டனை. கொல்வதற்கா, பணம் பறிப்பதற்கா, ஒளித்து வைப்பதற்கா, கட்டாயக் கல்யாணத்துக்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

நம் தமிழ்நாட்டில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் கடத்தல் என்றதும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். கன்னட நடிகர் ராஜ்குமார். நாங்கள் யாரும் பிறக்காத வருஷம், 2000 ஜூலை 30. ஈரோடு மாவட்டம் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் அவர் பண்ணை வீடு. அன்று இரவு வீரப்பன் ஆட்களோடு வந்து, 71 வயசான அவரையும் கூட இருந்த மூன்று பேரையும் காட்டுக்குள் கொண்டுபோனார். "டிவியில் வேற நியூஸே இல்ல, பெங்களூர்ல இருந்த நம்ம சனங்களுக்கு என்ன ஆகுமோன்னு ஊரே பயந்து கெடந்துச்சு" என்று அப்பா சொன்னார். அங்கே கடையடைப்பு, கல்வீச்சு. 108 நாள் கழித்து நவம்பர் 15 அன்றுதான் அவர் வெளியே வந்தார். நக்கீரன் ஆசிரியர் கோபால் காட்டுக்குள் போய் வந்து பேசினார், கடைசியில் பழ. நெடுமாறன் போன்றவர்களும் போனார்கள்.

ராஜ்குமார் குழந்தை இல்லை, அதனால் அது ஆள் கவர்தல் இல்லை. வந்தவர்கள் கையில் துப்பாக்கி, அதனால் ஆள் கடத்தல். எதற்காக? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பணயத்தொகை என்றால் பணம் என்றுதானே நினைப்போம்? வெளியே சொன்ன கோரிக்கைகளில் இருந்தவை காவிரித் தண்ணீர், பெங்களூரில் பல வருஷமாக மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது, தடா சட்டத்தில் மைசூர் சிறையில் கிடந்தவர்களை விடுவது இப்படி. சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. ஆளைப் பிடித்து வைத்து, கொல்வேன் என்று மிரட்டி, அரசாங்கத்தையோ வேறு யாரையோ ஒன்றைச் செய்ய வைத்தாலும் பணம் கேட்டதும் ஒன்றுதான். 1993ல் பழைய சட்டத்தில் 364-ஏ என்று இதைச் சேர்த்தார்கள். இப்போது 140ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை ஆயுள், அல்லது தூக்கு.

கோரிக்கைகளில் நியாயமானதும் இருந்ததே என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். காவிரித் தண்ணி கேட்டது தப்பா? தப்பில்லை. திருவள்ளுவர் சிலையும் 2009ல் திறந்தாகிவிட்டது. ஆனால் அதே சமயம் இன்னொருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வீரப்பன் கும்பல் 1992ல் கொன்ற ஒரு போலீஸ் எஸ்.ஐ.யின் வயசான அப்பா அவர். ராஜ்குமாரை மீட்பதற்காகத் தடா கைதிகள் மேல் இருந்த வழக்கை கர்நாடக அரசு வாபஸ் வாங்கப் பார்த்தது. என் பிள்ளையைக் கொன்ற வழக்கை எப்படி வாபஸ் வாங்கலாம் என்று அவர் கேட்டார். 2000 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒரு பக்கம் காட்டுக்குள் ஒரு பெரியவர், இன்னொரு பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெரியவர். நான் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

வழக்கு என்ன ஆனது தெரியுமா? வீரப்பனும் அவருடைய முக்கியக் கூட்டாளிகளும் 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி பாப்பாரப்பட்டி பக்கம் அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராஜ்குமார் 2006ல் காலமானார். வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 2018 செப்டம்பர் 25 அன்று கோபிசெட்டிபாளையம் கோர்ட்டு, விசாரணையில் நின்ற 9 பேரையும் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ராஜ்குமார் வீட்டிலிருந்து யாரும் சாட்சி சொல்ல வரவில்லை என்று பத்திரிகைகளில் வந்தது. இரண்டு மாநிலத்துக்கும் தெரிந்த கடத்தல், 18 வருஷம், ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. "எல்லாருக்கும் தெரியும்" என்பது கோர்ட்டில் செல்லாது. இவர்தான், இன்ன இடத்தில், இன்னதைச் செய்தார் என்று பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும்.

நானோ ஒரு மிட்டாயைப் பார்த்துப் பத்து நொடியில் தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

மிட்டாயில் அப்படி என்ன இருக்கிறது? "சாப்பிடலைன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்து சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று சொல்லித்தான் எங்கள் அம்மாயி சோறு ஊட்டினாங்க. பாலம் கட்டும்போது பலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள் என்று அவங்க சின்ன வயசில் ஒரு பயம் இருந்ததாம். அந்தப் பயம் செல்போன் வந்ததும் போகவில்லை, செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2018ல் வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. அந்த வருஷம் மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடக் காரில் போனது. வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடிவிட்டது. அறுபது வயசைத் தாண்டிய ஒரு அம்மா அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார், கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்தே கொன்றார்கள். அஸ்ஸாம், மகாராஷ்டிரா, கர்நாடகம் என்று அந்த வருஷம் பல மாநிலங்களில் இப்படி நடந்து, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டது.

குலதெய்வம் கும்பிட வந்த பாட்டி. சாக்லேட். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டீக்கடைத் தாத்தா அன்று கடையைத் திறக்காமல் இருந்திருந்தால்?

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனைத் தடுக்கலாம், மறிக்கலாம், போலீசைக் கூப்பிடலாம். அது சரிதான். ஆனால் பிடிபட்டுக் கும்பிட்டபடி நிற்கிற ஒருத்தரை அடிக்கச் சட்டம் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. உண்மையாகவே அவர் கடத்தல்காரராக இருந்தாலும்தான்.

பிள்ளைகள் உண்மையில் எப்படிக் காணாமல் போகிறார்கள்? சில நேரம் முன்பின் தெரியாதவர்கள் செய்வதுதான். பத்து வயசுக்குட்பட்ட பிள்ளையின் காதுக் கம்மல், கொலுசு, அரைஞாண் இவற்றைத் திருடுவதற்காகக் கடத்துவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, 97. பிச்சை எடுக்க வைப்பதற்காகக் கடத்தினால் பத்து வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல், கை கால் ஊனமாக்கினால் இருபதுக்குக் குறையாமல். ஆனால் நம்ம பக்கத்துக்கு அதிகம் பொருந்துவது வேறு. அவர் சாக்குப்பையோடு வருவதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். அப்பாவை "மாமா" என்பார். "பையன் சும்மாதானே இருக்கான், போர்வண்டிக்கு அனுப்புங்க, பொண்ணை மில்லுக்கு அனுப்புங்க, முன்பணம் இந்தாங்க" என்பார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அப்படித்தான் கூட்டிப் போனார்கள். போன பிறகு ராத்திரி பகல் வேலை, அடி, வீட்டுக்குப் போன் கிடையாது.

இங்கே அப்பா சம்மதித்துத்தானே அனுப்பினார், அப்போ ஆள் கவர்தல் இல்லையே என்று நானும் நினைத்தேன். அதற்குத்தான் 143ஆம் பிரிவு இருக்கிறது. சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, அடைத்து வைப்பது எல்லாம் அதில் வரும். மிரட்டி, ஏமாற்றி மட்டும் இல்லை, பிள்ளையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கினாலும் குற்றம்தான். பிள்ளையானால் பத்து வருஷத்துக்குக் குறையாமல், ஆயுள் வரைக்கும். கிட்னாப் என்ற ஆங்கில வார்த்தையே இப்படிப் பிறந்ததுதான் என்று சார் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேலே, அமெரிக்காவில் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க இங்கிலாந்தில் பிள்ளைகளைத் திருடியவர்களுக்கு வைத்த பெயராம். கிட் என்றால் பிள்ளை, நாப் என்றால் திருடுவது. அங்கே கப்பல், இங்கே டெம்போ.

ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. "ஒரு நாள் பார்க்கலாம், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கும்" என்று நாம் காத்திருப்போம். 24 மணி நேரம் ஆனால்தான் புகார் வாங்குவார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தாலே கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. காசு கிடையாது, நாமே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அவசர எண் 112. பெரியவர்கள் செலவுக்குப் பயந்தோ மானத்துக்குப் பயந்தோ தயங்கினால் நாம் போன் போடலாம். பிள்ளை போட்டிருந்த உடுப்பின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், ஒரு போட்டோ, இவ்வளவுதான் கேட்பார்கள். அன்று ஏட்டய்யா என்னிடம் தம்பியின் சட்டை என்ன கலர் என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. தம்பி எதிரிலேயே நிற்கிறான், அவன் சட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்தத் திருச்சிக்காரர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அம்மா கிழங்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வேனிடம் ஓடினாங்க. நானும் பின்னாடியே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிழங்கை வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை. அவர் பொண்ணு மட்டும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வகுப்பு படிப்பாள் என்று தெரியவில்லை, நாலாவது இருக்கும்.

தம்பிக்கு அம்மாவின் போன் நம்பரைப் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு எண் வரை சரியாக வருகிறது. கடைசி இரண்டை இன்னும் மாற்றித்தான் சொல்கிறான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி